மில்லிமீட்டருக்கு 12 புள்ளி

கல்யாண ஆல்பத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரியுங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கும் படத்துக்குப் பின்னால் பழுப்பேறிய கடிதத்தாள் ஒன்று கிடக்கும். அதன் ஓரம் கிழிந்திருக்கும், மூலையில் கிளிப் மாட்டியிருக்கும், அடியில் கறுப்பாக நிழல் விழும். அத்தனையும் கணினியில் செய்தவை. செய்தவை என்பது பார்த்த மறுநொடியே தெரிந்தும் விடுகிறது. தாளின் நிறத்தில் குறை இல்லை, கிழிசலிலும் பெரிய குறை இல்லை. ஆனாலும் அந்தத் தாள் தச்சுப்பட்டறையில் அறுத்து வைத்த பிளைவுட் துண்டு மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது.

படங்களையும் சீட்டுகளையும் கடிதத் துண்டுகளையும் வெட்டி ஒட்டி நினைவு ஏடு செய்வது மேற்கு நாடுகளில் நெடுங்காலப் பொழுதுபோக்கு. அது கணினிக்குள் வந்தபோது டிஜிட்டல் ஸ்கிராப்புக் ஆனது. நம் ஊர்ப்பக்கம் இந்தக் கலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் குறைவு. பிழைப்பாகச் செய்கிறவர்கள் ஏராளம். மொரப்பூர், அரூர், தருமபுரி என்று எந்த ஊரிலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தால் ஆல்பம் டிசைன் செய்து தரும் ஸ்டுடியோ கண்ணில் படும். 12×36 அங்குல ஷீட், போட்டோஷாப், காசு கொடுத்து வாங்கிய பி.எஸ்.டி. என்னும் தயார் டிசைன் கோப்புகள், முகூர்த்த மாதமானால் விடிய விடிய வேலை. ஒரு கல்யாணத்துக்கு நாற்பது பக்கம் முடிக்க வேண்டியவர், மென்பொருள் தயாராக வைத்திருக்கும் நிழலைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தயார் நிழல்தான் காகிதத்தைப் பற்றி எதுவுமே தெரியாதது.

மொரப்பூரை வைத்தே ஒரு பக்கம் செய்து பார்க்கலாம். ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகும் அகலப் பாதையில் மொரப்பூர் ஒரு நிலையம். 1906இல் இங்கிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் குறுகிய ரயில் பாதை ஒன்று போட்டார்கள். 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941இல், மூடப்பட்டது. இன்றைக்கு அந்த ரயிலை நினைவுகூர ஓர் ஆல்பம் பக்கம் செய்வதென்றால் மூன்று காகிதங்கள் போதும்: அந்தக் காலத்து அட்டைச் சீட்டு ஒன்று, கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, சரக்கு அனுப்பிய மெல்லிய ரசீது ஒன்று. மூன்றும் காகிதம்தான். வெளிச்சத்தில் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

முதலில் தடிமன். ஆல்பம் ஷீட்டை அச்சிடுவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 புள்ளி வரும். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் 80 ஜி.எஸ்.எம். தாளின் தடிமன் 0.1 மி.மீ.; திரையில் அது ஒரே ஒரு புள்ளி. ரசீதுத்தாள் அதிலும் பாதி. ரயில் அட்டைச் சீட்டு, தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்துக் கொடுத்த அளவில் 57 மி.மீ. நீளம், சுமார் 30 மி.மீ. அகலம், முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கனம். திரையில் ஒன்பது புள்ளி. ஆக, சமதளத்தில் படிந்து கிடக்கும் ரசீதுக்கு நிழல் என்று சொல்ல ஏதும் இல்லை, ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று இருந்தால் சரி. சீட்டுக்கு மட்டும் கண்ணில் படும் நிழல் உண்டு. நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? மூன்றுக்கும் டிராப் ஷேடோ என்ற அந்த ஒரே தயார் நிழல், முப்பது புள்ளி தள்ளி. முப்பது புள்ளி என்றால் இரண்டரை மில்லிமீட்டர். பிளைவுட் பிறப்பது இங்கேதான்.

அடுத்தது நிழலின் விளிம்பு. நிழல் ஏன் சில இடத்தில் கூர்மையாகவும் சில இடத்தில் கலங்கியும் இருக்கிறது? வெளிச்சம் தரும் பொருளுக்கும் ஓர் அகலம் உண்டு என்பதால். அந்த அகலத்தில் ஒரு பகுதி மறைந்து மறுபகுதி தெரியும் இடத்தில் அரைநிழல் விழுகிறது. அரைநிழலின் அகலத்தைக் கண்டுபிடிக்க, தாள் எவ்வளவு உயரம் தூக்கி நிற்கிறதோ அதை விளக்கின் அகலத்தால் பெருக்கி, விளக்கு இருக்கும் தூரத்தால் வகுத்தால் போதும். சூரியன் வானத்தில் அரைப் பாகை அளவே இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் தூக்கி நிற்கும் தாள்மூலைக்கு வெயிலில் அரைநிழல் 0.1 மி.மீ.கூடத் தேறாது. உச்சி வெயிலில் நிழல் கத்திபோல விழுவது அதனால்தான்.

இதே தாளை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். எட்டடி உயரத்தில் நாலடி டியூப் லைட். குழலின் நீளவாக்கில் கணக்குப் போட்டால் அரைநிழல் அரை சென்டிமீட்டர், அதாவது 60 புள்ளி. குழலின் குறுக்குவாக்கில் கணக்குப் போட்டால் குழலின் கனம் இரண்டரை சென்டிமீட்டர்தான், அரைநிழல் 0.1 மி.மீ., ஒரு புள்ளி. ஒரே தாள், ஒரே விளக்கு. ஒரு பக்க விளிம்பின் நிழல் பஞ்சாகக் கரைய, மறுபக்க விளிம்பின் நிழல் கோடாக நிற்கும். வெள்ளைச் சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் இதைக் கொஞ்சம் மங்க வைக்கும், முழுக்க அழிக்காது. தினமும் நாம் பார்க்கிற காட்சி இது, கவனித்ததில்லை. மென்பொருளின் டிராப் ஷேடோவுக்கு இது தெரியாது. அது நாலு பக்கமும் ஒரே அளவு கலக்கிவிடும். டியூப் லைட் நிழல் வேண்டுமென்றால், எல்லாத் திசையிலும் கலக்கும் கௌசியன் பிளருக்குப் பதில் மோஷன் பிளரை எடுத்து, நிழலை ஒரு திசையில் மட்டும் இழுத்துவிடலாம். வெள்ளைக்காரர்களின் பயிற்சிப் பாடங்களில் ஜன்னல் வெளிச்சமே பெரும்பாலும் இலக்கணம். நம் வீட்டுக் காகிதங்களை நாம் பார்த்தது டியூப் லைட்டில் அல்லவா?

இதுவரை தாள் மட்டமாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசினோம். எந்தத் தாள் மட்டமாகக் கிடந்திருக்கிறது? காகித இழை ஈரத்தை உறிஞ்சும்போது குறுக்கே நன்றாகப் பருக்கிறது, நீளத்தில் கொஞ்சமே கூடுகிறது. ஆலையில் தாள் ஓடிவரும்போது இழைகளில் பெரும்பங்கு ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. ஈரம் ஏறி இறங்கும்போது தாள் ஒரு திசையில் மட்டும் அதிகமாக விரிந்து சுருங்கக் காரணம் அது. அதனால் தாள் கிண்ணம்போலக் குழியாது, குழாய்போலச் சுருளும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. அதன் முகத்தில் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. வறண்ட காற்றில் ஜெலட்டின் காகிதத்தைவிட அதிகம் சுருங்கி, படத்தை முகப்பக்கமாக வளைக்கிறது. தருமபுரிக் கோடையில் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த தாத்தா படத்தின் மூலைகள் மேலே தூக்கிக்கொள்வது இதனால்தான்.

மூலை தூக்கினால் நிழல் மூலையில் அகலமாகவும் வெளிறியும், நடுவில் குறுகலாகவும் அழுத்தமாகவும் விழ வேண்டும். போட்டோஷாப்பில் இதற்கு வழி உண்டு. டிராப் ஷேடோ போட்டதும் அதைப் படத்திலிருந்து பிரித்துத் தனி லேயராக்க வேண்டும். பிறகு வார்ப் கருவியால் நிழலின் மூலைகளை மட்டும் வெளியே இழுத்து, நடுப்பகுதியை உள்ளே தள்ள வேண்டும். படத்தைத் தொடவே வேண்டாம். அது தட்டையான செவ்வகமாகவே இருக்கட்டும். நிழல் வளைந்த உடனே படம் வளைந்ததாகக் கண் நம்பிவிடும். கிம்ப் வைத்திருப்பவர்களும் இதையே செய்யலாம், மென்பொருளுக்குக் காசும் இல்லை. என் கணக்கில், டிஜிட்டல் ஆல்பத்தில் ஒரே ஒரு வித்தை மட்டும் கற்றுக்கொள்ள நேரமிருந்தால் இதைக் கற்றுக்கொள்வது நல்லது.

படத்தைத் தொடாமல் நிழலை மட்டும் மாற்றினால் கண் ஏன் ஏமாறுகிறது? 1997இல் கெர்ஸ்டன், மமாசியன், நில் என்ற மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரையில் ஒரு பெட்டிக்குள் பந்து ஒன்று குறுக்காக நகரும். பந்தின் பாதையை மாற்றவே இல்லை. நிழலின் பாதையை மட்டும் மாற்றினார்கள். நிழல் பந்தோடு ஒட்டிப் போனபோது, பந்து தரையில் பின்னோக்கி உருள்வதாகப் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. நிழல் விலகிப் போனபோது அதே பந்து காற்றில் எழும்புவதாகத் தோன்றியது. பொருள் எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு மூளை நிழலிடம் பதில் கேட்கிறது.

இதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் இன்னோர் அடிப்படையான உண்மையைக் காட்டியிருந்தார். 1988இல் நேச்சர் இதழில் வந்த அவருடைய கட்டுரையில் இருந்தவை சாதாரண வட்டங்கள். மேலே வெளுத்துக் கீழே கறுத்த வட்டம் மேடாகத் தெரியும், கீழே வெளுத்து மேலே கறுத்தது பள்ளமாகத் தெரியும். தாளைத் தலைகீழாக்கினால் மேடும் பள்ளமும் இடம் மாறிக்கொள்ளும். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று மூளை முடிவுகட்டி வைத்திருக்கிறது. அது மட்டுமில்லை, காட்சி முழுவதற்கும் விளக்கு ஒன்றுதான் என்றும் அது எடுத்துக்கொள்கிறது. ஆல்பக்காரருக்கு இந்த இரண்டாவது முடிவுதான் முக்கியம். சீட்டின் நிழல் வலப்பக்கமும், ரசீதின் நிழல் இடப்பக்கமும் விழுந்தால் பக்கம் உடனே பொய்யாகிவிடும். வேறு வேறு பி.எஸ்.டி.யிலிருந்து எடுத்து ஒட்டும்போது இந்தத் தப்பு சர்வசாதாரணம். போட்டோஷாப்பில் குளோபல் லைட் என்று ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடித்தால் எல்லா லேயரின் நிழலும் ஒரே கோணத்துக்கு வந்துவிடும். பழைய பதிப்புகள் பலவற்றில் அந்தக் கோணம் 120 பாகை, அதாவது மேலே சற்று இடப்பக்கம். மனிதர்கள் உச்சிக்குச் சற்று இடமாக விளக்கு இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்று சன், பெரோனா என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் அளந்து சொன்னார்கள். போட்டோஷாப் 5.0 பதிப்பில் டிராப் ஷேடோ முதன்முதலாகத் தயார்நிலையில் வந்ததும் அதே 1998. தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.

இனித் தாளின் முகம். சொரசொரப்பைக் காட்டுவது நிறம் இல்லை, சரிவு. ஒரு பரப்பு வெளிச்சத்தை எந்தக் கோணத்தில் வாங்குகிறதோ அதன் கொசைன் அளவுக்கே ஒளிரும் என்பது 1760இல் லாம்பர்ட் வகுத்த விதி. தாளில் ஐந்து பாகை சரிவுள்ள சிறு மேடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கு நேர் உச்சியில் இருந்தால் மேட்டின் இரண்டு சரிவுக்கும் ஒரே ஒளி கிடைக்கும், மேடே தெரியாது. விளக்கு 45 பாகை சாய்ந்தால் ஒரு சரிவு மற்றதைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாக ஒளிரும். 80 பாகை வரை சாய்ந்து தாளை உரசிக்கொண்டு வெளிச்சம் வந்தால் ஒரு சரிவு மற்றதைப்போல் மூன்று மடங்கு ஒளிரும். மடிப்பு, கசங்கல், எழுதிய பேனாவின் அழுத்தம், சீட்டில் தேதி குத்திய பள்ளம் எல்லாம் அப்போது எழுந்து நிற்கும்.

ஆகவே காசில்லாமல் நல்ல டெக்ஸ்சர் வேண்டுமென்றால், உண்மையான தாள் ஒன்றைக் கசக்கிப் பிரித்து, காலை ஏழு மணி வெயில் தரையை உரசும் இடத்தில் வைத்து, செல்போனில் நேர் மேலிருந்து படம் எடுத்தால் போதும். நிறத்தை நீக்கி, நடுச்சாம்பலுக்குக் கொண்டுவந்து, ஓவர்லே முறையில் பக்கத்தின் மேல் பரப்பலாம். ஓவர்லேயில் நடுச்சாம்பல் எதையும் மாற்றாது, அதைவிட வெளுத்த இடம் கீழிருப்பதை வெளுக்கும், கறுத்த இடம் கறுக்கும். படம் எடுத்தபோது வெயில் வந்த திசையும் பக்கத்தில் நிழல் விழும் திசையும் பொருந்த வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. டெக்ஸ்சரைத் திருப்பி வைத்தாலே ராமச்சந்திரனின் வட்டங்கள்போலக் கசங்கல்கள் உள்ளே போய்விடும். உண்மையான மேடு பள்ளம் இல்லாமல், சரிவைப்போல ஒளியை மட்டும் மாற்றி மேடு காட்டும் உத்தியை ஜிம் பிளின் 1978இல் கணினி வரைகலைக்குக் கொண்டுவந்தார். பெவல் அண்ட் எம்பாஸ் என்று நாம் தட்டுவது அந்த உத்தியின் வாரிசு.

வெயிலில் படம் எடுக்க முடியாதவர்கள் நாய்ஸ் பில்டரை நம்புகிறார்கள். அது ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளியோடு உறவில்லாமல் மாற்றுகிறது, வருவது மணல். தாளை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: இழைகள் கும்பலாகத் திரண்ட திட்டுகள் மேகம்போலத் தெரியும், சில மில்லிமீட்டர் அகலத்தில். அவற்றுக்குள் இன்னும் சிறு திட்டுகள், அதற்கும் உள்ளே இழை. பல அளவுகளில் ஒரே சமயம் ஒழுங்கின்மை. 1982இல் வந்த டிரான் என்ற திரைப்படத்துக்கு வேலை செய்த கென் பெர்லின், கணினிப் படங்களின் இயந்திர வழவழப்பு பிடிக்காமல், மென்மையாக மாறும் ஒழுங்கின்மையை உண்டாக்க ஒரு வழி கண்டார். பெரிய அலையின் மேல் அதில் பாதி அளவு அலை, அதன் மேல் இன்னும் பாதி என்று அடுக்கினால் மேகமும் பளிங்கும் மரமும் வந்தன. 1985இல் கட்டுரையாக வெளியிட்டார், 1997இல் அதற்காக ஆஸ்கார் அகாடமியின் தொழில்நுட்ப விருது வந்தது. ஸ்டுடியோ கணினியில் இதன் எளிய வடிவம்: நாய்ஸ் போட்ட லேயரை மூன்று முறை நகலெடுத்து, ஒன்றை நன்றாகவும் ஒன்றைக் கொஞ்சமாகவும் பிளர் செய்து, ஒன்றை அப்படியே விட்டு, மூன்றையும் மங்கலாக ஒன்றன்மேல் ஒன்று வைப்பது.

கிழிசலுக்கு வருவோம். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984 முதல் காகிதம் செய்யும் டி.என்.பி.எல். ஆலைக்குக் கரும்புச் சக்கைதான் முக்கிய மூலப்பொருள். சக்கை இழையின் நீளம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர். குளிர்நாட்டுப் பைன் மர இழை மூன்று மில்லிமீட்டர் வரை போகும். தாளைக் கிழிக்கும்போது ஓரத்தில் நீட்டி நிற்பது இந்த இழைகள். அப்படியானால் நம் நோட்டுத்தாளின் கிழிசல் ஓரம் 12 முதல் 18 புள்ளிக்குள் முடிய வேண்டும். இழையின் கனமோ 0.02 மி.மீ. அளவு, ஒரு புள்ளியில் கால்வாசி. தனித்தனியாக அது அச்சில் தெரியாது, வெண்மூட்டமாகத்தான் தெரியும். இணையத்தில் கிடைக்கும் கிழிசல் பிரஷ்களோ தடித்த வெள்ளைப் பட்டை போடுகின்றன. அந்தப் பட்டை பொருந்தும் இடம் வேறு. வழவழப்பான பூச்சுள்ள அச்சுத்தாளைக் கிழித்தால் மேல்பூச்சு உரிந்து வெள்ளை உள்பக்கம் தெரியுமே, அங்கே. இழை படுத்த திசையில் கிழித்தால் கோடு நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் இழுத்த இழுப்புக்கு வராது. ஒரே தாளின் நாலு ஓரமும் ஒரே மாதிரி கிழிந்திருந்தால் சந்தேகப்படலாம்.

பழுப்புக்கு நிறையப் பேர் செபியா தட்டிவிடுகிறார்கள். காகிதம் அப்படிப் பழுப்பதில்லை. செய்தித்தாள் போன்ற மலிவுத் தாளில் லிக்னின் தங்கியிருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டு அது நீல ஒளியை விழுங்கும் பொருள்களாக மாறுகிறது. நீலம் குறைந்தால் மஞ்சள் தெரியும். ஆகவே போட்டோஷாப்பின் கர்வ்ஸ் கருவியில் நீலச் சேனலை நன்றாகவும் பச்சையைச் சற்றேயும் இறக்கி, சிவப்பைத் தொடாமல் விட்டால் உண்மைக்குப் பக்கத்தில் வரும். கட்டாக அடுக்கி வைத்த தாள்களுக்குள் காற்று நுழைவது ஓரத்திலிருந்து, அதனால் ஓரம் முதலில் பழுக்கிறது. பல ஆண்டு ஒரே இடத்தில் படம் ஒட்டியிருந்த தாளில், படம் மறைத்த செவ்வகம் மட்டும் வெளிறி நிற்கும். மொரப்பூர்ப் பக்கத்தில் அட்டைச் சீட்டைச் சற்று நகர்த்தி வைத்து, அது முன்பு இருந்த இடத்தில் சீட்டளவுக்கு வெளிறிய கட்டம் ஒன்றைக் காட்டிப் பாருங்கள். நூறு வருடக் கதையை அந்த ஒரு கட்டம் சொல்லிவிடும். அச்சு மையை மட்டும் மங்க வைக்காதீர்கள். அதில் இருப்பது கரித்தூள், வெயில் அதை ஒன்றும் செய்யாது.

கறைகளும் இப்படியே. டீ சிந்தினால் ஓரத்தில் கருவட்டம் விழுகிறது. துளியின் விளிம்பு வேகமாக உலர்வதால் நடுவிலுள்ள நீர் தூளைச் சுமந்துகொண்டு விளிம்புக்கு ஓடுகிறது. சிகாகோவில் டீகன் என்ற ஆய்வாளரும் நண்பர்களும் 1997இல் இதை விளக்கினார்கள். எண்ணெய்க் கறை வேறு கதை. காகிதம் வெள்ளையாகத் தெரிவதே இழைக்கும் இடையிலுள்ள காற்றுக்கும் ஒளிவிலகல் எண் வேறாக இருப்பதால், இழைக்கு 1.5 சொச்சம், காற்றுக்கு 1. எண்ணெய்க்கு 1.47. காற்று இருந்த இடத்தை எண்ணெய் நிரப்பியதும் ஒளி சிதறுவது நின்று, தாள் கண்ணாடிபோல ஊடுருவுகிறது. பஜ்ஜி மடித்த தாளில் அடுத்த பக்க எழுத்து தெரிவது இதனால்தான். ஆகவே எண்ணெய்க் கறைக்குப் பழுப்புப் பூச வேண்டாம். அந்த இடத்தில் தாள் லேயரின் ஒபாசிட்டியைக் குறைத்தால் போதும், அடியிலிருப்பது தானாகத் தெரியும்.

கடைசியில் இது அச்சுக்குப் போகிறது. திரையில் கண்ட ஒரு புள்ளி நிழல் லேமினேஷனுக்கு அடியில் காணாமல் போகும், ரசீதின் ஓரக்கோட்டை இரண்டு புள்ளியாக்கி அனுப்புவது நல்லது. கிளாஸி ஷீட் எடுத்தால் பார்க்கிறவர் வீட்டு டியூப் லைட் பக்கத்தின் மேலேயே மின்னும், நிழல்களுக்காக நாம் இடப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொண்ட விளக்கோடு அது சண்டை போடும். மேட் ஷீட்டில் இந்தத் தொல்லை குறைவு. சொரசொரப்பான சில்க் ஷீட் எடுப்பதானால் கணினியில் போட்ட டெக்ஸ்சரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும், ஷீட்டின் சொரசொரப்பே மீதியைப் பார்த்துக்கொள்ளும்.